ஆயில் கேட்ட சிவப்பு லைட்

என் பிரியத்துக்கும் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இத்தனை நாளும் உங்களுக்கு எழுதவே இல்லை. எழுதினால் நீங்கள் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும் என்று ஒரு பயம், குமாஸ்தா புத்தி. ஆனால் உங்கள் லாரி விஷயத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். அதை வேறு யாரும் உங்கள் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

லாரி இன்னும் சேரன்மகாதேவி வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. நீண்ட மூக்கு, மரக்கதவு, உள்ளே ஏறினால் வாழைத்தார் வாசம், எல்லாம் அப்படியே. ஓட்டத்தான் ஆளில்லை. அக்காவுக்கும் தெரியாது, உங்கள் மகள் செல்விக்கும் தெரியாது, எனக்கோ சைக்கிளே தகராறு. "மாப்பிள, நீ ஆபீஸ்ல பேனாவ ஓட்டு, இத நான் ஓட்டுதேன்" என்று சொல்லிச் சொல்லியே சாவியை யார் கையிலும் கொடுக்காமல் போய்விட்டீர்கள். ஒரு நாளாவது கொடுத்திருந்தால் என்ன அத்தான்?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். வீட்டுக்குள் போவதற்கு முன் கொட்டகைக்குப் போய், உங்கள் சீட்டில் பத்து நிமிஷம் உட்காருவேன். அக்கா அந்தப் பக்கமே வர மாட்டாள். பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் லாரிப் பேச்சை எடுக்க மாட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள், கொட்டகை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் போட்டுச் சும்மா திருகினேன். டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு லைட் எரிந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் ஆயில் என்று எழுதியிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. சீட்டுக்குப் பின்னால் நீங்கள் வைத்திருந்த கேனை எடுத்து, இஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் தேடிப்பிடித்துக் கொஞ்சம் ஊற்றினேன். அடுத்த வாரம் சாவி போட்டால் மறுபடியும் எரிகிறது. மறுபடியும் ஊற்றினேன். பூஜையறை விளக்கு எண்ணெய் குறைந்தால் மங்கும், இது எண்ணெய் குறைந்தால் எரியும் போல என்று பெரிய கண்டுபிடிப்பு மாதிரி நினைத்துக்கொண்டேன். கேன் காலியானதும் புதுசு வாங்கி வைத்தேன்.

போன மாதம் அக்கா சோறு போட்டுக்கொண்டே, "லாரிய வித்துரலாமாலே?" என்றாள். எனக்கு மனசில்லை. ஆனால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் அவள்தானே. அவளுக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்று, "சரிக்கா, வித்துரலாம்" என்றேன். அவள் ரசத்தை ஊற்றினாள்.

நாகர்கோவில் ரோட்டில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் பார்க்க வந்தார். கூட வந்த டிரைவர் ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் ஓடியது, ஆனால் சிவப்பு லைட் அணையவில்லை. உள்ளே டகடகவென்று ஒரு சத்தம், பின்னால் ஊரையே மறைக்கிற மாதிரி புகை. "ஆயில் பிரஷர் இல்ல, இஞ்சின் போச்சு" என்று டிரைவர் அணைத்துவிட்டார். ஹோட்டல்காரருக்கு வருத்தமே இல்லை. "இஞ்சினக் கழத்தி எடைக்குப் போட்டுட்டு, கூட்ட மட்டும் ஹோட்டல் வாசல்ல நிறுத்திப் பூச்செடி வைப்பேன். புள்ளைக ஏறி போட்டோ எடுக்கும். வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார்.

உங்கள் லாரியின் மூக்குக்குள் பூச்செடி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. விற்பது வேறு, இஞ்சினைப் பிடுங்கி எடைக்குப் போடுவது வேறு. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பிரஷர் லைட் எரிந்தால் பம்ப் போயிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், எதற்கும் முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவும் என்றார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாததால் இன்னும் அரை கேன் ஊற்றினேன்.

மனசு கேட்காமல் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மேலப்பாளையம் போய், உங்கள் மைதீன் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அளவுக் கோட்டையும் தாண்டி, கம்பி பாதிக்கு மேல் நனைந்திருந்தது. முகம் மாறிவிட்டது.

"யாரு தம்பி இதுக்கு எண்ணெய் ஊத்துனது?"

"நான்தான் அண்ணாச்சி. லைட்டு எரிஞ்சுது."

"இஞ்சின் ஓடும்போதா?"

"இல்ல, சாவி போட்டதும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாவி போட்டா எரியத்தான்வே செய்யும். இஞ்சின் ஓடி பிரஷர் ஏறுனாத்தான் அணையும். நீரு எவ்வளவு ஊத்துனீரு?"

கணக்குச் சொன்னேன். அவர் கம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். "அதுக்கும் மேல இருக்கே. வேற யாரு ஊத்துனா?"

"நானும் ஊத்துனேன் அண்ணாச்சி."

திரும்பினால் அக்கா நிற்கிறாள், கையில் அடுப்படித் துணியோடு. "ஆயில்னு எழுதியிருந்துது. கேக்குதோன்னு ஊத்துனேன்."

"அப்ப பேட்டரி? ஒரு வருசமா நிக்கித வண்டில பேட்டரி செத்துல்லா போயிருக்கணும்?" என்றார் மெக்கானிக்.

"ரெண்டு தரம் ஆட்டோல வச்சுக் கொண்டு போயி சார்ஜ் போட்டேன்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சந்தேகத்தில் பெங்களூரில் இருக்கும் செல்விக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "பொங்கலுக்கு வந்தப்ப நானும் ஊத்துனேன் மாமா. அம்மாட்ட சொல்லிராதீங்க" என்றாள்.

மைதீன் அண்ணாச்சி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆளாளுக்கு உப்பு போட்ட கொழம்பால்லா இருக்கு" என்றார். அளவுக்கு மேல் இருந்த எண்ணெயை இஞ்சின் கடைந்து நுரையாக்கிவிட்டதாம், நுரைக்குப் பிரஷர் ஏறாதாம். கீழே போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்தார். புது எண்ணெயை அளந்து, கோடு வரைக்கும் மட்டும் ஊற்றினார். தன் பிரஷர் மீட்டரையும் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்தார்.

லைட் எரிந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் மங்கியது, பிறகு அணைந்தே போனது. மீட்டர் முள் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. "அல்லா காப்பாத்துனான். ரொம்ப நேரம் ஓட்டல, பேரிங் பொழச்சுது" என்றார் அண்ணாச்சி.

நான் அக்காவிடம் கேட்டேன், "நீதானக்கா விக்கணும்னு சொன்ன?"

"நீ வாரா வாரம் வந்து அதுல ஏறி உக்காந்து அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்குள்ள வார. சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வண்டி இல்லைன்னா நீயாவது தேறிருவன்னு நெனச்சேன்."

"நான் உனக்காகத்தான் சரின்னேன்."

"எனக்காகவா? எங்கிட்ட கேட்டியாலே?"

கேட்கவில்லை அத்தான். அவளும் என்னிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், இந்த ஒரு வருடமாக ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று உங்கள் பெயரையே வாயில் எடுக்காமல் இருந்திருக்கிறோம். உங்களுக்கு இது தெரிந்தால் சிரிப்பீர்களா, திட்டுவீர்களா?

அக்கா என் போனை வாங்கி ஹோட்டல்காரரிடம், "வண்டி குடுக்கதா இல்ல அண்ணாச்சி. இஞ்சின் நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். மைதீன் அண்ணாச்சி ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார். அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எப்போதும் உட்காரும் இடதுபக்க சீட்டில் ஏறினாள். நான் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன்.

பாலத்தில் ஏறியபோது ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்தில்கூட அழாமல் பந்தி பரிமாறியவள், என் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். மைதீன் அண்ணாச்சி எதையும் காணாதவர் மாதிரி ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை வந்தால் நேராகக் கொட்டகைக்குப் போக மாட்டேன். முதலில் அடுப்படிக்குப் போவேன். அக்கா கையைக் கழுவி வரும்வரை காத்திருந்து, அவளோடுதான் உங்கள் வண்டியில் ஏறுவேன்.

அக்காவோடு கூடப்பிறந்து, உங்கள் வாயால் மாப்பிள்ளை ஆனவன்,
சங்கரன்