அம்மாவின் ராத்திரி மாத்திரை

2025 நவம்பர் 17, திங்கள்

அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அப்பா வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையிலிருந்து போனில் படித்துக் காட்டினார். ஜூலையில் 1,900. இப்போது 5,240. அம்மா பக்கத்திலேயே இருந்தாள். நான் "ம்" மட்டும் சொன்னேன்.

என்டி-ப்ரோ-பிஎன்பி என்று பெயர். இதயம் திணறத் திணற ரத்தத்தில் இது ஏறுமாம். ஜூலையில் டாக்டர் எழிலரசி சொன்னார்: "இது குறைஞ்சா நல்லது. ஏறிச்சின்னா அடுத்த ஆறு மாசம் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

ஏறிவிட்டது.

நவம்பர் 18

மாடிப்படியில் அம்மா இரண்டு முறை நின்றாள். இரண்டு முறையும் புடவையைச் சரிசெய்வது போல.

நவம்பர் 20

5,240 என்றால் இன்னும் எவ்வளவு நாள்? போனில் தேடினேன். பாதியில் மூடிவிட்டேன். பத்தாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துத்தான் தேடினேன். புரிந்துவிட்டது.

நவம்பர் 21

மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "இருக்குதுடி, நிறைய இருக்குது" என்றாள். எப்படி இருக்கும்? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அப்பா மாதா மாதம் சரியாகத்தான் வாங்குகிறார்.

அவள் குளிக்கப் போனபோது பீரோவைத் திறந்தேன். ஐந்து அட்டைகள். பிரிக்கவே இல்லை.

காலை மாத்திரையை நான் கையில் கொடுப்பேன். ராத்திரியுடையதை "நானே போட்டுக்கறேன்" என்பாள். பத்து நாள் தசலட்சண விரதம் முடிந்த செப்டம்பரிலிருந்து, பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை, தண்ணீர்கூட இல்லை என்று இருக்கிறாள். எங்கள் ஜைன வீடுகளில் அது புதிதில்லை. ஆனால் மாத்திரையுமா? இரண்டு மாதம் நான் ஏன் கேட்கவே இல்லை?

நவம்பர் 22

கேட்டேன்.

"தண்ணி இல்லாம எப்டிடி முழுங்கறது? எடுத்த விரதத்த உடைக்கச் சொல்றியா?"

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாரு. டாக்டரம்மாகிட்ட போய் உளறினேன்னு வெச்சிக்கோ, அப்புறம் என்கிட்ட பேசாத. என் வினை எவ்ளோவோ அவ்ளோதான்."

உன் வினை சரி. நான் என்னம்மா செய்வேன்?

நவம்பர் 24, திங்கள்

இன்று மூன்று பேரும் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "மருந்து கேக்கலயே. டோஸை ஜாஸ்தி பண்ணி, சென்னைல பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு லெட்டர் தரேன்" என்றார். அப்பா, "எல்லாம் கரெக்டாதான் போடறா மேடம்" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். பேனா எழுத ஆரம்பித்துவிட்டது.

"மேடம்..."

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"அம்மா ராத்திரி மாத்திரை போடறதில்ல."

நானா சொன்னேன்? பக்கத்து வீட்டில் உப்பு கேட்கக்கூட வாய் வராதவள். அழுகையோடு எல்லாம் வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவைத் திட்டவில்லை. "விரதத்த விடச் சொல்லுவேன்னு பயந்தீங்களா? காலைல ஏழு, சாயங்காலம் அஞ்சரை. சூரியன் மறையறதுக்குள்ள முடிஞ்சிடும். இத முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா." லெட்டர் இப்போது வேண்டாம், ஐந்து வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார்.

ஆட்டோவில் அம்மா சொன்னது: "பெத்தவளத் திருடி மாதிரி உக்கார வெச்சிட்ட." அவ்வளவுதான்.

நவம்பர் 29

பேசவில்லை. மாத்திரை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

டிசம்பர் 3, புதன். தீபம்

காலையிலிருந்து ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஊர் எல்லையில் இருக்கும் வேங்கிக்கால் வரைக்கும் ஜனம். அம்மாவுக்கு இருமல். இன்றைக்கு மூச்சு முட்டினால் எந்த ஆட்டோ உள்ளே வரும்? அப்பா கடையில். யாரைக் கூப்பிடுவேன்?

அஞ்சரைக்கு மாத்திரையும் டம்ளரும் வைத்தேன். முகத்தைப் பார்க்காமல் போட்டுக்கொண்டாள். மலையில் தீபம் ஏறியதும் தெருவே கத்தியது. நான் அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 15

அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை; நீர் வற்றியிருக்கிறது. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

டிசம்பர் 29, திங்கள்

முடிவு இந்த முறை என் போனுக்கு வந்தது. அரை மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"எவ்ளோடி?"

ஐந்து வாரத்தில் முதல் வார்த்தை. திறந்தேன். 2,310. ஜூலையைவிட இன்னும் ஜாஸ்திதான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் போய் அரிசி களைந்தாள். உலை வைத்தாள்.

"அடுத்து எப்ப எடுப்பாங்களாம்?"

"பிப்ரவரில."

"நீயே கூட வா. உங்கப்பாவுக்குப் பேசத் தெரியல."