பெயர் எழுதாத வழக்கு

2003 மே 6, செவ்வாய்

கெல்லிவில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய நல்ல செய்தி அது ஒன்றுதான்.

சேம்பர்ஸில், என் அலுவலக மேசைமேல், புது வழக்குக் கட்டு. குடிவரவு அமைச்சருக்காக நான் ஆஜராக வேண்டும். எதிர்த்தரப்பு விலவூட் தடுப்பு முகாமில் இருக்கும் ஓர் இளைஞன், யாழ்ப்பாணத்தவன். அகதி விசா கேட்டான், தீர்ப்பாயம் மறுத்துவிட்டது, ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்திருக்கிறான். இதிலும் தோற்றால் அநேகமாக ஊருக்கு விமானம்தான்.

அவன் பெயரை இங்கேகூட எழுதப்போவதில்லை. அகதி வழக்குகளில் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். கோர்ட் அவனுக்கு நான்கு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்திருக்கிறது. நான் டயரியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வரக்கூடிய ஆள்.

கட்டைத் திருப்பி அனுப்ப முடியாது. பாரிஸ்டர் என்றால் ஸ்டாண்டில் நிற்கும் டாக்சி, முதலில் வருகிறவரை ஏற்றியாக வேண்டும். போன வருடம் ஒரு ஈரானியருக்காக இதே அமைச்சரை எதிர்த்து வாதாடினேன். அன்று இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2003 மே 7, புதன்

முழுவதும் படித்தேன். தீர்ப்பாயம் அவனை நேரில் விசாரித்திருக்கிறது. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு, அவன் பேசிய விதமும் தயங்கிய விதமும் முகபாவமும் நம்பும்படி இல்லை என்று முடிவு எழுதியிருக்கிறது. கூடவே, அங்கே இப்போது சமாதானம், போகலாம் என்று ஒரு பத்தி.

ஒரு வருடத்துக்கு முன்னால் பார்த்த முகபாவம்! எனக்குப் போன மாதம் பார்த்த பல் டாக்டரின் முகமே நினைவில்லை.

ஆனால் தாமதம் மட்டும் சட்டப் பிழை ஆகாது. அதைச் சொல்வதுதான் என் வேலை. சொல்வேன். நன்றாகவே சொல்வேன், அதுதான் பயம்.

2003 மே 17, சனி

லிட்கமில் விஜயா மச்சாள் வீட்டில் மதியச் சாப்பாடு. மச்சாள் என் கணவர் சிறியின் அக்கா. ஈப்போவிலிருந்து வந்த எனக்கு இவர்களுடைய யாழ்ப்பாண உறவுமுறைச் சொற்கள் பழகவே பத்து வருடம் ஆயிற்று.

குசினியில் வழக்கத்தைவிடப் பெரிய பானை. யாருக்கு என்று கேட்டேன்.

"விலவூட்டுக்கு. சனிக்கிழமையில கொண்டுபோறனான். ஒரு பெடியன் இருக்கிறான் ராஜி, சரியான பாவம். ஒருத்தரோடயும் கதைக்கமாட்டான். நான் போனா மட்டும் சாப்பிடுவான்."

பெயரைச் சொன்னார். என் கட்டில் இருக்கும் அதே பெயர்.

கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன். "அப்படியா" என்றேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை. சிறி கவனித்தார், காரில் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

2003 மே 19, திங்கள்

ஹெலனிடம் சொல்லிவிட்டேன். அமைச்சர் தரப்பில் எனக்கு வழக்குக் கொடுத்த சொலிசிட்டர் அவர். பாரிஸ்டர்களின் பார் சங்கத்திலும் ஒரு மூத்தவரிடம் கேட்டேன். நாத்தனார் சோறு கொண்டுபோவது விலகுவதற்குக் காரணம் ஆகாதாம், எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்லிவிட்டு நடத்து என்றார். எதிர்த்தரப்பில் நிக், கிரேக்கப் பையன், பாரிஸ்டர் ஆகி இரண்டு வருடம்தான் ஆகிறது, காசு வாங்காமல் செய்கிறான். அவனும் ஆட்சேபிக்கவில்லை.

ஒருவராவது 'விலகு' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

2003 ஜூன் 12, வியாழன்

முடிந்தது.

அவன் பின்வரிசையில் இரண்டு காவலர்களுக்கு நடுவில் இருந்தான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். நான் திரும்பவில்லை. ஆனால் மச்சாளைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்ற எழுந்தபோது பக்கவாட்டு வரிசையில், சேலை கட்டி, கோயிலுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரும் என்னை அப்போதுதான் பார்த்தார். கறுப்பு அங்கியில் அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்திருக்க வேண்டும்.

நிக் தாமதத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினான். முன்தீர்ப்பு இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். நேரடியாக இல்லை என்றான். நான் எழுந்து நாற்பது நிமிடம் பேசினேன். நீதிபதி தலையாட்டிக்கொண்டே எழுதினார். தீர்ப்பு பின்னர்.

லிஃப்ட் அருகே மச்சாள் காத்திருந்தார்.

"நீர் ஏன் இதை எடுத்தனீர்?"

டாக்சி ஸ்டாண்டு விதியைச் சொன்னேன். அந்த இடத்தில் அது எனக்கே கேவலமாகக் கேட்டது.

"டாக்சிக்காரரும் சில ஆக்களைப் பாத்துப்போட்டு நிப்பாட்டாமப் போறவங்கள்தானே," என்றார். அவ்வளவுதான். படியில் இறங்கிப் போய்விட்டார்.

2003 ஜூன் 13, வெள்ளி

மச்சாள் போன் செய்தார். சிறியோடு மட்டும் பேசினார்.

"அவ கோவமா இருக்கிறா. கொஞ்ச நாள் விடும்," என்றார் சிறி. நீங்களும் கோபமா என்று கேட்டேன். யோசித்தார். இல்லை என்றார். அவர் யோசிக்காமல் சொல்லியிருக்கலாம்.

2003 ஜூன் 29, ஞாயிறு

மச்சாள் மகளின் பிறந்தநாள். சிறி மட்டும் போய்விட்டு எனக்குக் கேக் கொண்டுவந்தார். சாப்பிட மாட்டேன் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டேன்.

2003 ஜூலை 15, செவ்வாய்

நரசிம்மன் மெல்பனிலிருந்து கூப்பிட்டார். என்னோடு சட்டம் படித்தவர், சென்னைக்காரர், இப்போது அங்கே பாரிஸ்டர். ரோவிலில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்; கூரை போட வருகிறவன் வராத கதையைச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில், "ஆமா, இன்னைக்குக் காலையில இங்க ஒரு ஜட்ஜ்மென்ட் வந்திருக்கு. ஆப்கான்காரன் கேஸ். ரொம்ப நாள் கழிச்சு, மூஞ்சியை வச்சு நம்பலைன்னு ட்ரிப்யூனல் சொல்லியிருக்கு. அந்த முடிவு செல்லாதுன்னு ஜட்ஜ் தள்ளிட்டார். உனக்கு வசதியா இருக்காதே?" என்றார்.

ஃபேக்ஸில் வாங்கிப் படித்தேன். என் வாதம் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. என் வழக்கைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல.

விதி தெளிவு. எனக்கு எதிரான தீர்ப்பு ஒன்று என் கண்ணில் பட்டால், கோர்ட் முடிவு சொல்லும்வரை அதைக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். விசாரணை முடிந்துவிட்டது என்பது சாக்கு ஆகாது. எதிர்த்தரப்புக்குத் தெரியாது என்பதும் ஆகாது. நிக் இதைப் பார்த்திருப்பானா? தெரியவில்லை. இன்றைக்குள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் நரசிம்மனின் கூரை தயவால்தான்.

நீதிபதி நாளைக் காலையே தீர்ப்பு சொல்லிவிட்டால்?

2003 ஜூலை 16, புதன்

ஹெலனிடம் சொன்னேன். "அவர்களுடைய வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நம் கட்சிக்காரர் நினைக்கக்கூடும்," என்றார். "ஆனால் நீங்கள் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நான் தடுக்க முடியாது. தடுக்கவும் மாட்டேன்." நியாயமாகத்தான் பேசினார். குரல்தான் வேறு. என் வருமானத்தில் பாதி இவர் அனுப்பும் கட்டுகள்.

நிக்குக்கு நகல் அனுப்பி, அவன் சம்மதத்தோடு நீதிபதிக்கும் அனுப்பிவிட்டேன். கடிதம் மூன்றே வரி. நிக் போன் செய்தான். நன்றி என்றான், திரும்பவும் நன்றி என்றான். அப்படிச் சொல்ல வேண்டாம், விதி, என்றேன்.

விதிதானா? அந்தப் பையன் ஆப்கான்காரனாகவோ சீனாக்காரனாகவோ இருந்திருந்தால் இவ்வளவு அவசரமா அனுப்பியிருப்பேனா? கை நடுங்கியிருக்குமா? ஐயோ தெரியலையே. அமைச்சர் என் கட்சிக்காரர். மச்சாள் பானையை நினைச்சுக்கிட்டு அவருக்குத் துரோகம் பண்ணிட்டேனா? இல்லை. விதி இருக்கு. இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்ததே, அது எங்கேருந்து வந்துச்சு?

சிறியிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே லிட்கமுக்குப் போன் போகும். எல்லாரும் நான் அவனுக்காகச் செய்தேன் என்பார்கள். அந்தப் பெயரை நான் வாங்கிக்கொள்ள முடியாது, அது உண்மையில்லை. இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

2003 ஆகஸ்ட் 22, வெள்ளி

அவன் ஜெயித்தான். மெல்பன் தீர்ப்பை அப்படியே பின்பற்றியிருக்கிறார் நீதிபதி. தீர்ப்பாயத்தில் வேறொருவர் புதிதாக விசாரிக்க வேண்டும். அமைச்சர் தரப்பு வழக்கறிஞர் கடமைப்படி அந்தத் தீர்ப்பைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார் என்று நடுவில் ஒரு வரி. அதை யார் படிக்கப்போகிறார்கள்.

மச்சாள் நிக்கைக் கட்டிப்பிடித்து அழுதார். அவன் என் பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முதல் முறையாக, தோற்றதற்கு நிம்மதியாக இருக்கிறது. இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

2003 நவம்பர் 4, செவ்வாய்

ஹெலனிடமிருந்து ஒரு கட்டும் இல்லை. ஆகஸ்டிலிருந்து. போன் வேலை செய்கிறதா என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

2004 பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு விசாரணைக் கமிஷனில் இளைய வழக்கறிஞராகச் சேர்ந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஜன்னல் இல்லாத அறை. தூக்கம் பரவாயில்லை.

அந்தப் பையனுக்கு விசா கிடைத்துவிட்டதாம். சிறி சொன்னார். லிட்கமில் விருந்து வைத்தார்களாம். சிறி போகவில்லை. "உம்மை விட்டுட்டு எனக்கென்ன விருந்து," என்றார். நீங்களும் கோபமா என்று கேட்ட அன்று யோசித்ததற்கு இன்று சரி.

2004 ஆகஸ்ட் 5, வியாழன்

ஹெலன் மே மாதத்திலிருந்து மறுபடி அனுப்புகிறார், ஒன்றும் நடக்காததுபோல. இப்போது ஒரு பிஜிக்காரர் வழக்கு, விசாரணை முடிந்து தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. இன்று காலை அவருக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. மதியத்துக்குள் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் ஊர் எது, சாப்பாடு எது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கை இன்றும் நடுங்கியது. அந்தப் பையன் வழக்கில் நடுங்கிய அளவுதான். இதைப் பார்த்ததும் ஏனோ கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

2005 ஏப்ரல் 16, சனி

லிட்கமில் வருஷப் பிறப்புச் சாப்பாடு. இம்முறை மச்சாள் சிறியிடம், "ராஜியையும் கூட்டிக்கொண்டு வா," என்றாராம். கதவைத் திறந்த மச்சாள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "குசினிக்குள்ள வாரும், வேலைக்குக் கை காணாது," என்றார். வடை தட்டினேன். வட்டமாக வரவில்லை. அவர் வாங்கித் திருத்திப் போட்டார். கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமலேதான் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

கொல்லைப்புறத்தில் ஓர் இளைஞன் கதிரைகள் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றை என்னிடம் கொண்டுவந்து வைத்தான்.

"இருங்கோ அன்ரி. நீங்கள் அண்டைக்குக் கோர்ட்டில வந்தனீங்கள்தானே. அரசாங்கத்தின்ர லோயர்."

ஆமா என்றேன்.

"நல்லாக் கதைச்சனீங்கள். எனக்கு இங்கிலிஷ் விளங்கேல்ல, ஆனா சரி, போகத்தான் போறன் எண்டு விளங்கினது." சிரித்தான். கோபம் இல்லை. பிறகு, "நீங்கள் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்ல. நான் பாத்துக்கொண்டே இருந்தனான்," என்றான்.

சொல்லியிருக்கலாம். மூன்று வரிக் கடிதம், நரசிம்மனின் கூரை, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் அவன் கேட்டது அது இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு. பல்வரிசையில் சின்ன இடைவெளி. பேசும்போது இடையில் கொஞ்சம் தயங்குகிறான், எல்லாரும் தயங்குவதுபோலத்தான்.

"உங்க பேர் என்ன தம்பி?" என்று கேட்டேன். நூறு தடவை படித்த பெயர்.

"சச்சிதானந்தன்," என்றான்.

சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தான். மச்சாள் இரண்டு பேருக்கும் இன்னொரு வடை வைத்தார்.