உட்கார்ந்துவிட்ட சம்மனசு

என் செல்ல ஜெசிந்தா,

நேற்று கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வந்திருந்தோம். மழை விட்டுவிட்டுத் தூறியதில் மெழுகுவத்தி எதுவும் நிலையாக எரியவில்லை. உன் வீட்டுக்காரர் லாரன்ஸ், தான் நனைந்தபடி குடையை மெழுகுவத்திக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன் ஜெசி, முன்னும் பின்னுமாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு, கண்ணாடி உருக்கும் நம் உலையை நான் போடவே இல்லை. கொரட்டூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்தப் பழைய கரண்டு உலையின் மேல் இப்போது வெங்காயக் கூடை இருக்கிறது. விற்றுவிடலாம் என்று இரண்டொருவரிடம் சொல்லியும் வைத்தேன். குமணன்சாவடிக் கடையில் நாள் முழுக்க ஜன்னல் கண்ணாடி வெட்டிவிட்டு, ரெண்டு பஸ் மாறி வீடு வந்து, மறுபடி கண்ணாடியோடு மல்லுக்கட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது? உனக்கு இருந்தது. அதே கடையில் என் பக்கத்தில் நின்றபடியே விளிம்பு தேய்த்துவிட்டு, உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கடையில் மிஞ்சும் துண்டுகளை நான் வெட்டி ஒட்டுவேன். உலையின் துளை வழியாகப் பார்த்து, போதும் என்று நிறுத்துவது நீ. என்னுடையது எல்லாம் மீன், கிளி, பூ. நீ மட்டும் துணிதான் செய்வாய். கண்ணாடித் தகட்டை ஒரு கல்லின் மேல் வைத்துச் சூடேற்றினால் நாலு பக்கமும் துவண்டு, ஈரத் துண்டு மாதிரித் தொங்கும். மறுபடி மறுபடி அதையே செய்தாய். சலிக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"எனுக்கு வாயால சொல்ல வராது யக்கா. சாயங்காலமானா நான் இப்டிதான் கீறேன். இத்த பாத்தா தெரியுதில்ல?" என்றாய்.

எனக்குத் தெரிந்தது. நெமிலிச்சேரியில் உன் வீட்டில்தான் தெரியவில்லை. லாரன்ஸ் அதில் ஒன்றைக் கவிழ்த்து வாழைப்பழம் வைத்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

போன மாதம் அதே லாரன்ஸ் தன் ஷேர் ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். செல்போனில் ஒரு படம் காட்டினார். நீங்கள் சம்மனசு என்பீர்களே, அந்தத் தேவதூதர். சிறகை விரித்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, விறைப்பாக நின்றது. அதைப்போல் ஒன்று கண்ணாடியில் செய்து உன் தலைமாட்டில் வைக்க வேண்டுமாம். நீ செய்ததையே வைக்கலாமே என்றேன்.

"துண்டு தொங்குற மாரி கீது யக்கா. கல்லறைல வெச்சா நாலு பேரு இன்னான்னு கேப்பாங்க" என்றார்.

அவர் ஆசையாகத்தான் கேட்டார், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் வாய்விட்டு எதுவும் சொல்லாதவள் நீ. கண்ணாடியில் மட்டும்தான் சொன்னாய். உன் தலைமாட்டில் யாரோ ஒரு விறைத்த சம்மனசு நின்றால், நீ சொன்னது அத்தனையும் அழிந்துபோகாதா? இதைச் சொல்லாமல் சரி என்று தலையாட்டினேன். மறுத்துப் பேசக்கூட அலுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெங்காயக் கூடையை இறக்கினேன். உடலும் சிறகுமாக ஒட்டியெடுத்த உருவத்துக்கு லேசான வளைவு வரட்டும் என்று, செங்கல்லைப் படிபோல் அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்து, கரண்டைப் போட்டேன். துளைக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அது உன் இடம். உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன், ஜெசி. விழித்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. பதறி எழுந்து கரண்டை நிறுத்தினேன்.

மறுநாள் கடை முடிந்து வந்து, ஆறிய உலையைத் திறந்தேன். சூடு மிஞ்சி, சிறகு இரண்டும் முதுகோடு தொங்கிவிட்டன. தூக்கிய கைகள் மடியில் விழுந்திருந்தன. தலை கவிழ்ந்து, முழங்கால் மடங்கி, சம்மனசு செங்கல்லில் உட்கார்ந்துவிட்டது.

உடைந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இன்னொன்று செய்யத் தெம்பும் இல்லை, நாளும் இல்லை. நேற்று அதையே பழைய புடவையில் சுற்றி உன்னிடம் எடுத்து வந்தேன். லாரன்ஸ் உன் பக்கத்தில் மண்டியிட்டுப் பிரித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்து, இன்னாப்பா, சம்மனசு குந்திகினு கீது என்று கேட்டுவிட்டார். லாரன்ஸ் பயந்த கேள்வி அதுதானே. எனக்குத் தலைகுனிவாகிவிட்டது.

லாரன்ஸ் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. சம்மனசின் தோளில் விழுந்த தூறலைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"ஊட்ல அவ குந்தி நான் பாத்ததே இல்லம்மா. இப்பவாச்சும் குந்தட்டும்."

திரும்பும்போது அவர் ஆட்டோவிலேயே வந்தேன். பட்டாபிராம் தாண்டும்போது, வீட்டுக்குப் போனதும் நீ செய்த அந்தக் கண்ணாடித் துணியிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

உலையை விற்கவில்லை. கேட்டவர்களிடம் சொல்லிவிட்டேன். எப்போது போடுவேன் என்று கேட்காதே, இன்றைக்கு ஸ்டூலை எடுத்துப் போடக்கூட முடியவில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். யார் வந்து எந்தப் படத்தைக் காட்டினாலும், இனி உன்னை எழுப்பி நிற்க வைக்கமாட்டேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
மல்லிகா