பேர் வைக்க விட்ட இடம்

பிப்ரவரி 5, புதன்
செம்புத் தண்ணி இன்றும் பாதி குறைந்திருந்தது. சாயங்காலம் பின்வாசப்படியில் வைக்கிறேன், விடிந்தால் பாதிதான் இருக்கிறது. "பூனை குடிக்குது மாமா" என்கிறாள் மருமகள் செந்தமிழ்ச்செல்வி. தட்டு போட்டு மூடித்தானே வைக்கிறேன்?

பிப்ரவரி 9, ஞாயிறு
பேத்தி தேவிப்ரியா இத்தாலியிலிருந்து பேசினாள். இத்தாலி மொழி எப்படி வளர்ந்து வந்தது என்று படிக்கிறாள். ஒவ்வொரு சீமைக்காரரும் தங்கள் பேச்சில் எழுதிவைத்த பாட்டையும் கதையையும் வைத்துத்தான் அந்தப் படிப்பாம். நான் கைநாட்டு. இதையும் நான் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதிக்கொள்கிறது, அவள் செய்து கொடுத்த ஏற்பாடு. ஆனால் காதில் விழுந்தது எதுவும் எனக்கு மறக்காது. வாய்விட்டுப் படித்துப் பழக ஆள் வேண்டும் என்று ஞாயிறு ஞாயிறு எனக்குத்தான் படித்துக் காட்டுகிறாள்.

"இன்னா மாமா, இத்தாலிக்கு மாப்பிள்ளையா போவப் போறீங்களா?" - செல்வி.

இன்று படித்தது ஒரு மலை ஊர்ப் பேச்சில் இருந்த சாவுப் பாட்டு. பட்டணத்து ஜனங்கள் கேட்டுச் சிரித்த பேச்சாம். அர்த்தம் சொன்னாள். நீ போயிட்ட, கிணத்தடியில உன் வாளி காஞ்சி கெடக்குது, உன் தாகத்துக்கு யாரு மொண்டு தருவா.

"நிறுத்தும்மா" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்
நாள் பூரா காதில் வாளிச் சத்தம்.

பிப்ரவரி 11, செவ்வாய்
பெரியநாயகி வெள்ளிமலைக்காரி. கட்டிக்கொண்டு மணலூர்பேட்டைக்குக் கூட்டி வந்தேன். அவள் மலைப் பேச்சைக் கேட்டு இங்கத்துப் பொம்பளைகள் சிரித்தார்கள். சாவு வீட்டில் அவள் ஒப்பாரி எடுத்தபோது மட்டும் எவளும் சிரிக்கவில்லை. பேர் சொல்லி அழணும், பேர் இல்லாத அழுகை போய்ச் சேராது என்பாள். இந்தத் தெருவில் எத்தனை பேருக்கு அழுதிருக்கிறாள்.

கொரோனா ரெண்டாவது அலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போனில் கடைசியாகப் பேசியது: "நாக்கு வறண்டு போவுதுய்யா. ஒரு செம்பு தண்ணி எடுத்துக்கினு வர மாட்டியா?"

எடுத்துக்கினுதான் போனேன். கேட்டுக்கு உள்ள வுடல. மறுநாள் மூட்டையா கட்டி நேரா சுடுகாட்டுக்கு. மூஞ்சியக்கூட பாக்கல. ஒருத்தி அழுவல. ஊருக்கே அழுதவ, அவளுக்கு ஒரு பாட்டு இல்ல.

ஒப்பாரி பொம்பளை சொல்வது. ஆம்பளை நான் எடுத்தால் கணக்கில் வராது. சாவதற்குள் அவளுக்கு ஒருத்தி அழ வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 13, வியாழன்
வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். மச்சான் சடையன் மகள் ஜீவா சாமைச் சோறு போட்டாள். அத்தைக்கு ஒரு ஒப்பாரி எடும்மா என்று கேட்டதும் கை கழுவ எழுந்துவிட்டாள்.

"நாலு வருசம் கழிச்சி யாரு மாமா அழுவா? எங்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது. இப்ப மைக் செட்டுல ஒப்பாரி போட்டுடறோம். பென்டிரைவ்ல இருக்குது, வேணுமா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கொடுக்கப் பார்த்தாள்.

திரும்புகையில் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். என் பக்கத்து சீட்டில் மட்டும் கடைசி வரை யாரும் உட்காரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
பேத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தாத்தா, அந்தப் பாட்டுல நடுவுல ஒரு எடம் வெறுசா வுட்டிருக்குது. செத்தவங்க பேர அங்க சொல்லணும். நான் அதத் தாண்டித் தாண்டிப் படிச்சிக்கினு இருக்கறேன்."

"அது உன் ஆயாவுக்குப் புரியுமா? மணலூர்பேட்டை பேச்சையே கொற சொல்லிக்கினு இருந்தவ."

சிரித்தாள். பிறகு, "நானும்தான் அழுவல தாத்தா. ஹாஸ்டல விட்டு வெளிய வுடலியே."

விளக்கு வைக்கிற நேரம். பின்வாசப்படியில் செம்புக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். இன்று வந்தது படிக்கிற குரல் இல்லை. இழுத்து, மூச்சு விட்டு, மறுபடி இழுத்து. அந்த இடம் வந்தது. பெரியநாயகி என்றாள். அதற்கு மேல் இத்தாலி வரவில்லை. ஆயா, ஆயா என்றுதான் வந்தது.

அடுப்படியிலிருந்து செல்வி வந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவள், படியில் உட்கார்ந்து, "அத்தே" என்று குரல் எடுத்தாள்.

பிப்ரவரி 17, திங்கள்
செம்பு தளும்ப நின்றது. செல்வி பார்த்தாள். பூனையைப் பற்றிப் பேசவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்
சாயங்காலம் பழக்கத்தில் தண்ணி மொண்டுகொண்டு பின்வாசல் வரை போய்விட்டேன். யாருக்கு? மிளகாய்ச் செடிக்கு ஊத்திட்டு, இருட்டற வரைக்கும் வெறுஞ்செம்போட அங்கியே நின்னுக்கினு இருந்தேன்.