பெபினின் முழங்கால்

பிப்ரவரி 11, 2006. ஷார்ஜா

கல்லூரியின் புது விளம்பரப் புத்தகம் வந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் என் படம். அடியில், 'முன்னாள் இந்திய வீரர் பர்னபாஸ், கால்பந்து கோச்.' நான் தூத்தூர் கடற்கரையில் ஆடிப் பழகியவன். மாவட்ட அணியைத் தாண்டியதில்லை. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் வெங்கட்ராமனிடம் மாற்றச் சொன்னேன்.

"யார் சார் போய்ப் பார்க்கப் போறா? அட்மிஷன் டைம்" என்று சிரித்தார்.

பொய் அவருடையது, முகம் என்னுடையது. சே!

பிப்ரவரி 20

செமி ஃபைனல் ஜெயித்தோம். இரண்டு கோலும் என் மாணவன் பெபின் அடித்தது. இரண்டாவதை அடித்துவிட்டு விழுந்தவன் தானாக எழும்பவில்லை. முழங்கால் வீக்கத்தில் முட்டுச்சிரட்டையே தெரியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், தசைநார் பாதி கிழிந்துவிட்டது, இந்த சீசனை மறந்துவிடுங்கள் என்றார்.

பிப்ரவரி 22

வெங்கட்ராமன் கூப்பிட்டார். ஃபைனலுக்குக் கல்லூரி முதலாளி அர்பாப் விருந்தாளிகளோடு வருகிறாராம்.

"ஒரு ஊசி போட்டா தொண்ணூறு நிமிஷம் வலி தெரியாது."

"வலி தெரியாம ஆடினா மிச்சமும் கிழிஞ்சிரும் சார்."

"அது மேட்ச் முடிஞ்ச பிறகுதானே?"

சமோசாவை மென்றுகொண்டே சொன்னார். என் விசா யார் கையில் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். வாயைத் துடைத்துக்கொண்டு.

பிப்ரவரி 24

ரோலாவில் பெபின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சுகிர்தராணி எங்கள் ஊர்ப்பக்கம். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளாவது தடுப்பாள் என்று நம்பித்தான் போனேன்.

"ஒரு மேட்ச்தானே சார்? ஆடினா பெரிய கிளப்பில சேத்துவிடுறேன்னு வெங்கட்ராமன் சார் சொல்லியிருக்காரு."

"எந்த கிளப்?"

அவளுக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை.

"நீங்க நர்ஸ்தானே சிஸ்டர்? அந்த ஊசி என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள். என்னைப் பார்க்காமல்.

பெபின் இங்கேயே வளர்ந்தவன். கோபம் வந்தால் தமிழ் வராது. "இட்ஸ் மை லெக், கோச். நாட் யுவர்ஸ்."

டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். தெரிந்தே செய்கிறாளே! வெங்கட்ராமனைவிட அவள்மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பு.

பிப்ரவரி 26

போனில் ஊரிலிருந்து மனைவி: "நமக்கும் ரெண்டு பிள்ளைய உண்டு, மறந்துராதீங்க."

மறக்கவில்லை. அதுதானே பிரச்சினை.

மார்ச் 2

ஃபைனல். ட்ரெஸ்ஸிங் ரூமில் பெபின் பெஞ்சில் படுத்திருக்கிறான். வெங்கட்ராமன் கூட்டிவந்த ஒருத்தன் சிரிஞ்சில் மருந்து ஏற்றுகிறான். டாக்டரா என்று கேட்டேன்.

"மெடிக்கல் லைன்தான்" என்றான்.

த்தூ.

அங்கே நின்று வாதாடவில்லை. நேராக ரெஃப்ரியிடம் போய் ஆட்டக்காரர் பெயர்களைக் கொடுத்துவிட்டேன். மாற்று ஆட்டக்காரர்களில்கூட பெபின் இல்லை. கொடுத்த பிறகு ஒருவரையும் சேர்க்க முடியாது.

வெங்கட்ராமன் எல்லார் முன்னாலும் என்னை நாயே என்றார். பெபின் தன் பூட்ஸைக் கழற்றி என்மேல் எறிந்தான். நெஞ்சில் பட்டது. கேலரியிலிருந்து சுகிர்தராணி எழுந்து போவதைப் பார்த்தேன்.

தோற்றோம். ஒரு பையனும் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 5

கலாஸ், எல்லாம் முடிந்தது. விசா கேன்சல். என் இடத்துக்குப் புது கோச் வந்தாச்சு. பெபின் அவரோடு கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

யாருக்காகச் செய்தேன்?

நவம்பர் 14, 2007. ருவைஸ், அபுதாபி

ஊரில் ஒரு வருஷம் சும்மா கிடந்துவிட்டு, இங்கே ரிஃபைனரி கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வேலையாட்களோடு பந்து.

இன்று சுகிர்தராணி போன் செய்தாள். நான் போன பிறகு பெபினுக்கு மேட்சுக்கு மேட்ச் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. காலை மடக்க வரவில்லை. கிளப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நீங்க அன்னைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கப்பிடாதா சார்?"

எவ்வளவு கேவலமான கேள்வி! நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஆனால் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நடக்கானா?" என்று மட்டும் கேட்டேன்.

"கம்பு ஊணி நடக்கான்."

நவம்பர் 16

ஆட்டத்தின் நடுவில் ஃபிட்டர் முகம்மது யூசுப் கணுக்கால் மடங்கி விழுந்தான். "சும்மா சுளுக்குத்தான் சார், ஆடிருவேன்" என்று எழுந்தான்.

"உக்காருல!"

மைதானமே நின்று திரும்பிப் பார்த்தது. இவ்வளவு சத்தம் எனக்குள் எங்கே இருந்தது?

யூசுப் உட்கார்ந்தான். பத்துப் பேரோடு ஆடி முடித்தோம்.