கரண்டிக் காட்சி எழுதிய மகனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. தையல் மெஷின் ஊசி வலது கை ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் வாய் திறப்பதற்குள் “இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல்” என்று தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். உன் நலம் அறிய எனக்கு ஆவல்தான், அதில் பொய் இல்லை. இங்கு அனைவரும் நலம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. விரல் ஆறிவிடும், நகம் விழுந்து புதிதாக முளைக்கும் என்றார் கம்பவுண்டர். அப்பாவுக்கு பஸ் டிப்போவில் மறுபடியும் காலை ஷிப்டு போட்டிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இதெல்லாம் சும்மா சொல்கிறேன். நான் சொல்ல வந்தது இதை எழுதுகிறாளே உன் தங்கை, நம் எலி, அவள் பல்லைப் பற்றி.

பல் உடைந்தது உனக்குத் தெரியும். எப்படி உடைந்தது என்று போனில் சொல்லத் தொடங்கியபோது யாரோ “ஷாட் ரெடி சார்” என்று உன்னைக் கூப்பிட்டார்கள், நீ அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அப்புறம் பேசவே இல்லை. அதனால்தான் கடிதம். நூலக வகுப்பில் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். அவள் சிநேகிதி நெட்டை இருக்கிறாளே, நம் வீட்டில் பாதி நாள் சாப்பிடுகிறவள், அவள் ஓடிப்போய் டிபன் பையிலிருந்து எவர்சில்வர் கரண்டியை எடுத்து வந்து, இன்னும் இரண்டு பெண்கள் கைகாலைப் பிடித்துக்கொள்ள, கிட்டிப்போன பல்லுக்கு நடுவில் திணித்திருக்கிறாள். முன்பல் பாதியாக உடைந்தது, உதட்டில் தையல். வலிப்பு தானாக வந்து தானாகப் போயிருக்கும். அவள் உடம்பில் காயம் செய்தது கரண்டி.

மறுநாள் நெட்டை தன் அம்மாவோடு வந்து வாசலிலேயே நின்று அழுதாள். எனக்கு அவளை அறையத்தான் கை வந்தது. “உனக்குத்தான் தெரியுமேடி, எலியே உங்க வகுப்புல நின்னு சொன்னாளே, வாயில எதையும் வெக்கக் கூடாதுன்னு” என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். “ஞாபகம் இருந்துச்சு ஆன்ட்டி. ஆனா டிவியில அண்ணா எழுதின சீரியல்ல கரண்டி வெச்சாங்களே. அவங்க அண்ணாவே எழுதறப்ப, டாக்டருங்க இப்ப மாத்திச் சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சேன்.” கேட்டுக்கொண்டாயா? உன் தங்கை சொன்னதைவிட உன் சீரியலைத்தான் அந்தக் குழந்தை நம்பியிருக்கிறது, அதுவும் உன் தங்கைமேல் இருந்த பிரியத்தால். வகுப்பு முழுக்க “எங்க அண்ணன்தான் வசனம்” என்று பீற்றிக்கொண்டதும் இவள்தான். இந்த வரியை எழுதும்போது பேனா நிற்கிறது, பீற்றிக்கொண்டேன் என்பது சரியான சொல் இல்லையாம், பெருமைப்பட்டேன் என்று போடலாமாம். போட்டுக்கொள் என்றேன், இரண்டும் இருக்கட்டும்.

நீ விஷயம் தெரியாமல் எழுதியிருந்தால் நான் இவ்வளவு கசந்துகொள்ள மாட்டேன். ஊரில் எத்தனையோ பேர் தெரியாமல்தான் படம் எடுக்கிறார்கள். நான் பார்த்த படங்களில் கண் தெரியாதவன் பாட்டுப் பாடுவான், கால் விளங்காதவள் கடைசியில் காதலனைப் பார்த்ததும் எழுந்து ஓடுவாள், மனநலம் கெட்டவன் கத்தி எடுப்பான். சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன், என் வீட்டு விஷயம் இல்லை என்று. ஆனால் இவள் முதல்முதலாக விழுந்தபோது நானும் அப்பாவும் அலறிக்கொண்டு நின்றோம், டாக்டரம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். அடுத்த தடவையிலிருந்து மேசை நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, உன் பள்ளிச் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்துவிட்டு, அவளுக்கு நினைவு திரும்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். அப்படிப்பட்டவன் கையிலிருந்து கரண்டி எப்படியடா வந்தது? அந்தக் காட்சி டிவியில் வந்த அன்றே கேட்டேன், சொன்னாய். “ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தா பாக்கறவன் சேனல மாத்திடுவாம்மா.”

கரண்டியோடு விட்டாயா? அடுத்த வாரமே சீரியலில் அந்தப் பெண்ணுக்கு மாடிப்படியில் வலிப்பு வர வைத்து, கையிலிருந்த அக்கா குழந்தையைக் கீழே போட வைத்தாய். “இவ கையில பச்சப் புள்ளையக் குடுத்தது நம்ம தப்பு” என்று மாமியார் பேசுகிறாள், அது நீ எழுதிய வசனம். அதே வசனத்தைக் கொஞ்சம் மாற்றித் தலைமையாசிரியை அறையில் ஒரு பெண்பிள்ளையின் அப்பா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். “டிவியில பாத்தோமே, குழந்தையவே போட்டுடுச்சு. எங்க புள்ள பக்கத்துல உக்கார வெக்காதீங்க, அவ்வளவுதான் கேக்கறோம்.” தலைமையாசிரியை நல்ல மாதிரிதான், குரலை உயர்த்தவே மாட்டார். “அவ நல்லதுக்குத்தான் சொல்றேம்மா, வீட்ல இருந்து படிக்கட்டும், பரீட்சைய மட்டும் தனி ரூம்ல வந்து எழுதட்டும்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். அதுவரை எலி வீட்டில். அவள் பொறுப்பில் இருந்த நூலக அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், கண்ணாடிமேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. பல் போனபோது அழாதவள் அதற்கு அழுதாள். இப்போது சிரிப்பு வந்தால் புத்தகத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்கிறாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்காதே. தொடரில் உன் பெயர் வரும்போது மிக்சியை நிறுத்து, குழாயை மூடு என்று வீட்டையே அதட்டுகிற மனுஷன். டிப்போவில் டீ குடிக்கிற எல்லாருக்கும் போனில் தொடரை நிறுத்தி உன் பெயரைக் காட்டியவர். இப்போது அந்த நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். எங்கே போகிறீர்கள் என்று நானும் கேட்பதில்லை.

முந்தாநாள் இவளுக்கு நீ ஒரு செய்தி அனுப்பினாய். “கவலைப்படாத எலி, அந்தக் கேரக்டரைக் குணமாக்கி, தெய்வம் மாதிரி நல்லவளா மாத்திடறேன், டைரக்டர் ஓகே சொல்லிட்டார்” என்று. படித்துவிட்டு இவள் என்னிடம் ஒன்று கேட்டாள். “குணமானாத்தான் நல்லவளாம்மா?” அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். நீ வசனம் எழுதுகிறவன், உனக்குத் தெரியுமா பார். இவள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, எப்போதாவது விழுந்து, எழுந்து, முகம் கழுவிக்கொண்டு கணக்குப் போடுகிற பெண். உன் கதையில் அப்படி ஒருத்தி இருந்தால் உன் டைரக்டருக்கு என்ன குடிமுழுகிப் போகும்?

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நீ வர வேண்டும். எழுந்து நின்று, கரண்டி தப்பு, படிக்கட்டுக் காட்சி நானாகப் புனைந்தது, என் தங்கைக்கு வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது இது என்று அத்தனை பேர் முன்னால் உன் வாயால் சொல்ல வேண்டும். டைரக்டர் கோபித்துக்கொள்வார், வேலைக்கு வேட்டு வந்துவிடும் என்று சொல்லாதே. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளும் வயசு உனக்கு. பள்ளிக்கூடம் பறிபோனால் இவளுக்கு வேறு எது? நீ வராவிட்டால் நானே எழுந்து பேசுவேன். அதை எழுதியவன் என் மகன், அவன் எல்லாம் தெரிந்தே எழுதினான் என்று சொல்வேன். இதைக் கேட்டதிலிருந்து உன் தங்கை எழுத மறுத்து என் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். “அண்ணனுக்குத் தெரியாதுன்னு சொல்லும்மா, மறந்துபோச்சுன்னு சொல்லு, நான் வேணா வீட்லயே படிச்சுக்கறேன்” என்றாள். உன் பெயர் கெடக்கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விடத் தயாராக இருக்கிறாள். இதையும் எழுது என்று அதட்டித்தான் எழுத வைத்தேன். படித்துப் பார்த்து நீயே முடிவு செய்துகொள்.

வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு ஓடாதே, இருமல் மருந்தை மூடி திறந்தபடி வைக்காதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று கோபத்திலும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். கூட்டம் சாயங்காலம் பள்ளி விட்டதும். முன் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருப்பேன். காலியாக இருந்தால் அதைக் காட்டித்தான் பேசத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா