சத்தம் போடப் பழகினேன்

அனலைதீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பான அண்ணாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஐயனாருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். புனர்வாழ்வு நிலையத்தில் போன் தரமாட்டார்கள், கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று அம்மா சொன்னார். படிக்கட்டும். ஒளிக்க ஒன்றுமில்லை.

வெங்காயம் கிண்டி முடிந்தது. இந்த முறை காய் பெரிது. கறுப்பிக்குக் கன்று கிடைத்திருக்கிறது. நீங்கள் வரும்வரை பெயர் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு வகுப்புக்குப் போனேன் அண்ணா. பத்தாம் ஆண்டோடு பள்ளியை விட்டவளுக்கு வகுப்பா என்று சிரிக்காதீர்கள். போதைத்தூள் பாவித்து மயங்கி விழுகிறவர்களைப் படகு ஏற்றும்வரை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று, மேரிஜோசப்பின் என்ற தாதி மிஸ் சனசமூக நிலையத்தில் நான்கு நாள் பழக்கினார். பதினொரு பேர் போனோம். எனக்குக் கடைசிக் கதிரை.

முதல் வேலை, விழுந்தவரின் காதடியில் கத்துவது. எனக்கு அதுதான் வரவில்லை. "பிள்ளை, நீர் கூப்பிடுற சத்தத்துக்கு அடைகோழியும் எழும்பாது" என்று மிஸ் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரே நிலத்தில் படுத்து, மூச்சு அடைபடுகிறவர் விடும் குறட்டையைச் செய்து காட்டினார். அதற்கும் சிரித்தோம். "சிரிச்சது காணும். இதை நித்திரை எண்டு நினைச்சுத்தான் கனபேர் பிள்ளையளைப் பறிகுடுத்தவை" என்றார். நான் உங்கள் அறைக் கதவை நினைத்தேன். நீங்கள் மயங்கிக் கிடந்த அன்றைக்கு உள்ளே இதே சத்தம்தான் கேட்டது. களைத்துப் போனான், படுக்கட்டும் என்றார் அம்மா. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அண்ணா என்றேன். எனக்கே கேட்கவில்லை. படகோட்டி ஜோர்ஜ் அண்ணை அந்த நேரம் வந்து கதவை உடைத்ததால் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

போன கிழமை செவ்வாய் காலை வேலிக்கு அந்தப் பக்கம் அந்தக் குறட்டை மறுபடி கேட்டது. உங்கள் கூட்டாளி சசிகரன் வீடு. மிஸ் தந்த மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யோகம்மா மாமி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு, "இராமுழுக்க நித்திரை இல்லாதவன், இப்பதான் கண் அயர்ந்தவன். சத்தம் போடாதை பிள்ளை" என்றார். யன்னலால் பார்த்தேன். உதடு நீலம். குறட்டையும் நின்றுவிட்டது.

அண்ணா, நான் கத்தினேன். இறங்குதுறைவரை கேட்டதாம். அவர் அசையவில்லை. உள்ளே போய், தூளை முறிக்கும் மருந்தை மூக்கில் விசிறி, மிஸ் தந்த பிளாஸ்ரிக் மூடியை வாயில் வைத்து மூச்சுக் கொடுத்தேன். மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் சசிகரன் கண்ணைத் திறந்து, "ஆரடி நீ, போடி அங்கால" என்று தொடங்கி எழுத முடியாத வார்த்தைகளால் ஏசினார். எழும்புகிறவர் ஏசினால் சந்தோஷப்படுங்கள் என்று மிஸ் முன்னமே சொல்லியிருந்தார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

தூளின் வேகம் அடங்குமுன் மருந்தின் வேகம் அடங்கிவிடும். அதனால் நானும் சசிகரனோடு ஜோர்ஜ் அண்ணையின் படகில் ஏறினேன். பாதிக் கடலில் சசிகரனுக்கு மறுபடி கண் செருகியது. இரண்டாவது மருந்தை விசிறினேன். ஊர்காவற்றுறையில் ஆஸ்பத்திரிக்கு இறக்கியபோது அவர் தண்ணீர் கேட்டார். திரும்பி வரும்போது, "இனி என்ர படகுக்கு ஹோர்ன் தேவையில்லை, உன்னை ஏத்தினால் காணும்" என்றார் ஜோர்ஜ் அண்ணை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குமர்ப்பிள்ளை ஓர் ஆம்பிளைக்கு வாயால் மூச்சுக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மூன்றாம் நாள் யோகம்மா மாமி வந்து, "நான் அவனை நித்திரை எண்டெல்லோ விட்டிட்டன்" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். அடுத்த வகுப்பு எப்போது என்றும் கேட்டார். அன்று பின்னேரம் பார்த்தேன், என் மருந்துப் பையை அம்மா எடுத்துச் சாமிப் படத்தடியில் வைத்திருந்தார்.

இன்னும் மூன்று கிழமையில் உங்களை விடுகிறார்கள். மிஸ் சொன்ன ஒன்றை எழுதாமல் இருக்க ஏலாது. பல மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காதாம். அங்கிருந்து வீட்டுக்கு வருகிற முதல் கிழமைகள்தான் பொல்லாதவையாம். நீங்கள் தொடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் உங்கள் அறைக் கதவை உள்ளே பூட்டுகிற திறாங்கை நேற்றுக் கழற்றிவிட்டேன். கோபிக்காதீர்கள். மனம் தடுமாறினால் என்னைக் கூப்பிடுங்கள். ஏசமாட்டேன், அம்மாவிடமும் சொல்லமாட்டேன், பக்கத்தில் இருப்பேன். தனியே மட்டும் இருக்காதீர்கள்.

கன்றுக்கு நல்ல பெயராக யோசித்துக்கொண்டு வாருங்கள். படகு தெரிந்ததும் இறங்குதுறையிலிருந்து கூப்பிடுவேன். இந்த முறை உங்களுக்குக் கேட்கும்.

உங்கள் தங்கை,
நிருஜா